எங்களுக்குப் பின் யார்?

சென்ற மாதம் ஒரு மாலை வேளையில் தென்னேரியிலிருந்து நெசவாளர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். வயது 70-ஐ நெருங்கும். உடன் தம் குமாரனையும் அழைத்து வந்திருந்தார். அவனுக்கு வயது 31. பத்திரிகைப் பொறுப்பை ஏற்ற பிறகும் நாம் வக்கீல் தொழிலை அடியோடு கைவிட்டுவிடவில்லை என்று யாரோ சொல்லக் கேட்டு, உயில் ஒன்று எழுதிக்கொள்ள வந்ததாகச் சொன்னார். நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அந்த மகன், மேஜையோரத்தில் கிடந்த பழைய பத்திரிகைகளை ஒவ்வொன்றாக எடுத்து, மடிப்புக் கலையாமல், விளிம்போடு விளிம்பு பொருந்த அடுக்கிக்கொண்டிருந்தான். நமது காரியாலயத்தில் அந்தக் கட்டு அவ்வளவு ஒழுங்காக இருந்து நாம் பார்த்ததில்லை.

'அவன்' என்றும் 'இருந்தான்' என்றும் மேலே எழுதிவிட்டோம். 31 வயதுள்ள ஆண்மகனை, முன்பின் பழக்கமில்லாத நாம் அப்படி எழுதுவதற்கு என்ன உரிமை? அதே வயதுள்ள வேறு எவர் வந்திருந்தாலும் 'அவர்' என்றே எழுதியிருப்போம். ஊர் வழக்கம் நமது பேனாவிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை அடித்துத் திருத்தாமல் அப்படியே விட்டுவைக்கிறோம்; தங்கள் வாயிலும் அது வருகிறதா என்று நேயர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

தகப்பனார் மனத்தில் வைத்திருந்த ஏற்பாடு இது: தெருவில் உள்ள ஓட்டு வீட்டையும் இரண்டு தறிகளையும் மூத்த மருமகப்பிள்ளை பேருக்கு எழுதிவைத்துவிடுவது, அதற்குப் பதிலாக மருமகப்பிள்ளை இந்த மகனை ஆயுள் உள்ளவரை வைத்துச் சோறு போடுவது. "எழுத்தில் அவ்வளவு இருந்தால் போதும், ஐயா, மிச்சத்தைச் சாமி பார்த்துக்கொள்ளும்" என்றார். சற்று நேரம் கழித்து, "எங்களுக்குப் பின் இவனுக்கு யார் கதி என்று இவன் தாயார் ராத்திரியெல்லாம் கேட்கிறாள்" என்றும் சொன்னார்.

"இப்போது சட்டப்படி இவருக்குப் பாதுகாவலர் யார்?" என்று நாம் கேட்டோம். பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பெற்ற தகப்பன் நான் இருக்கிறேனே!"

இல்லை என்று அவருக்குச் சொல்லவேண்டியிருந்தது. மகனுக்கு 18 வயது நிரம்பிய அன்றோடு, தகப்பன் என்ற முறையில் அவருக்கு இருந்த பாதுகாவலர் ஸ்தானம் தானாகவே முடிந்துவிட்டது. கடந்த 13 வருஷங்களாக அந்த மகனுக்குப் பதிலாகப் பாங்கியில் கையெழுத்திடவோ, அவர் பேரில் ஒரு சொத்து இருந்தால் அதை நிர்வகிக்கவோ, சட்டம் ஒப்புக்கொள்ளக் கூடிய அதிகாரம் எவருக்கும் கிடையாது. குளிப்பாட்டவும் ஊட்டவும் மட்டும் தகப்பனாருக்கு அதிகாரம் இருந்துவந்திருக்கிறது.

இதை அந்த ஒரு குடும்பத்தின் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அறிவு வளர்ச்சி குன்றியவர்களின் விஷயத்தில் நமது சட்டமே நெடுங்காலம் அறியாமையில் இருந்தது. 1912-ம் வருஷத்து இந்தியப் பைத்தியக்காரர் சட்டம், பிறவியிலேயே அறிவு வளராதவரையும் இடையில் சித்தம் கலங்கியவரையும் ஒரே சொல்லில் அடக்கி, இருவருக்கும் ஒரே வாசலைக் காட்டிற்று. அது பைத்தியக்கார ஆஸ்பத்திரியின் வாசல். வெள்ளைக்காரர் செய்த சட்டம் என்று பழியை அவர்கள் தலையில் போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. சுதந்திரம் வந்த பிறகும் 40 வருஷங்களுக்குக் குறையாமல் அதே சட்டத்தை வைத்துக்கொண்டுதான் காலம் தள்ளினோம். 1987-ல் அதற்கு மாற்றாக மனநலச் சட்டம் செய்தபோது, மனநோயாளி என்ற சொல்லில் அறிவு வளர்ச்சி குன்றியவர் அடங்கமாட்டார் என்று விலக்கி எழுதினார்கள். விலக்கியது முற்றிலும் நியாயம். ஆனால் அங்கிருந்து விலக்கப்பட்டவருக்கு வேறு எங்கே இடம் என்பதை அப்போது எவரும் எழுதவில்லை. 1890-ம் வருஷத்துப் பாதுகாவலர் சட்டமோ மைனர்களுக்கு மட்டுமே உதவக்கூடியது. ஆகவே 18 வயதைத் தாண்டிய, ஆனால் தம் காரியங்களைத் தாமே முழுதும் பார்த்துக்கொள்ள இயலாத ஒருவருக்குப் பாதுகாவலரை நியமிக்க, நேரான பாதை ஒன்றும் இல்லாமல் பல வருஷங்கள் கழிந்தன.

அந்தப் பாதையை வெட்டியது 1999-ம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைவு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கும் உரியது அது. ஜில்லா கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத உத்தியோகஸ்தர் ஒருவர், பதிவு பெற்ற ஸ்தாபனம் ஒன்றின் பிரதிநிதி ஒருவர், ஊனமுற்றவர் ஒருவர் என மூவர் அடங்கிய உள்ளூர்க் கமிட்டிக்குப் பெற்றோரோ உறவினரோ மனுச் செய்தால், கோர்ட்டுப் படி ஏறாமலே பாதுகாவலரை நியமித்துக்கொள்ளலாம். நியமனம் பெற்றவர் 6 மாதத்துக்குள் அசையாச் சொத்துக்களின் ஜாபிதாவைத் தாக்கல் செய்யவேண்டும். பிறகு வருஷந்தோறும் கணக்குக் காட்டவேண்டும். சொத்தைக் கையாடினால் அல்லது ஆளைக் கவனிக்காமல் விட்டால் அவரை நீக்கவும் கமிட்டிக்கு அதிகாரம் உண்டு. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பாதுகாவலர் எஜமானர் அல்ல. யாருக்காக நியமிக்கப்பட்டாரோ அவருடைய விருப்பத்தைத் தெரிந்துகொண்டு அவரோடு கலந்தே முடிவு செய்ய வேண்டியவர் என்பது அந்தச் சட்டத்தின் கருத்து.

சட்டம் இவ்வளவும் சொல்லியிருக்க, காஞ்சீபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு கிராமத்துத் தகப்பனார், வீட்டையும் மகனையும் ஒரே கையில் ஒப்படைத்து ஒரு தாளில் எழுதிவிட்டால் போதும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். சொத்தை வைத்துக்கொண்டிருப்பவரே பராமரிப்புக்கும் பொறுப்பாளி என்றால், பராமரிப்பு நின்றுபோன அன்று கேட்பவர் யார்? அந்த மருமகப்பிள்ளை தங்கமானவராகவே இருக்கட்டும். அவரும் ஒரு நாள் மூப்படையக் கூடியவர்தாமே. சொத்தைக் காப்பவர் ஒருவராகவும் ஆளைக் காப்பவர் வேறொருவராகவும் இருந்து, இருவரையும் கணக்குக் கேட்க மூன்றாவது ஒருவர் இருக்கவேண்டும் என்பதே வக்கீல் என்ற முறையில் நமது அபிப்பிராயம். அந்த மூன்றாமவர் யார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

அதற்கு முன், இன்னும் ஓயாத ஒரு குழப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மனநோய் வேறு, அறிவு வளர்ச்சிக் குறைவு வேறு. முன்னது வருவது, மருந்தால் தணிவது, பல பேரிடத்தில் நீங்கியும் போவது. பின்னது பிறவியிலோ இளம்பருவத்திலோ அமைந்து உடன் வளர்வது. அதற்கு மருந்து கிடையாது, பயிற்சி உண்டு. இந்த வித்தியாசம் தெரியாமையால், பேய் ஓட்டுகிறவர்களிடமும் தர்க்காக்களிலும் கோயில்களிலும் வருஷக்கணக்காகக் காத்துக் கிடந்த குடும்பங்கள் எத்தனையோ. சங்கிலி என்பது என்ன செய்யும் என்பதை 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில் ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் நாடு பார்த்தது. தீப்பற்றிய கொட்டகைக்குள் கட்டப்பட்டிருந்தவர்களில் 28 பேர் மாண்டார்கள். அவர்கள் மனநோயாளிகள் எனப்பட்டவர்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர் என்பதையும் நாம் நினைவில் வைக்கவேண்டும். வேறு வழி தெரியாதவர்கள், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஊரின் துணையில்லாதவர்கள் அவர்களில் பலர். சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு விசாரித்தது, கொட்டகைகள் மூடப்பட்டன. ஆனால் வீட்டுக்குத் துணை எங்கிருந்து வரும் என்ற கேள்வியைத் தீர்ப்பினால் மூடிவிட முடியவில்லை.

இனித் தென்னேரிக்குத் திரும்புவோம். அந்த மகனை ஊரில் எவரும் கட்டிவைக்கவில்லை, வைததும் இல்லை. தேநீர்க் கடைக்காரர் அவரிடம் காசு வாங்குவதில்லை என்று தகப்பனார் சொன்னார். கோயிலில் பிரசாதத் தொன்னை முதலில் அவர் கைக்குப் போகிறதாம். ஏரிக்கரைப் பக்கம் தனியாக நடந்துவிட்டால், எதிரே வருபவர் எவராயினும் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறார்களாம். இதைக் கேட்டு நமக்குச் சந்தோஷமே உண்டாயிற்று. பட்டணங்களில் காசு கொடுத்தாலும் கிடைக்காத காவல் அது.

அந்த வீட்டில் அவர் சும்மாவும் இருக்கவில்லை. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் ஓடவேண்டும் என்பது நமது ஜில்லாவில் குழந்தைகளுக்கும் தெரியும். நெய்பவர் ஒருவரால் அது ஆகாது. பக்கத்தில் ஒரு துணையாள் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரையின் நாடாவை எறிந்து கொடுக்கவேண்டும். அந்த இடத்தில் முன்பெல்லாம் சிறுபிள்ளைகளை உட்காரவைத்து அவர்கள் படிப்பைப் பாழாக்கினோம் என்பது காஞ்சிப் பட்டின் சரித்திரத்தில் மினுக்கமில்லாத ஒரு பக்கம். நமது நெசவாளரின் மகன் 15 வருஷங்களாகத் தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்துவந்திருக்கிறார். எப்போது எறியவேண்டும் என்பதைச் சொல்லித் தர ஒரு வருஷம் பிடித்ததாம். அதன் பிறகு ஒரு இழை தவறியதில்லையாம். சேலைக்குக் கூலி வந்தது. இவருக்கென்று ஒரு ரூபாய் எழுதப்பட்டதில்லை. தகப்பனாரிடம் இதைக் கேட்டபோது அவர் திகைத்தார். "இவனுக்கு எதற்கு, ஐயா, பணம்?" என்றார். நாம் பதில் சொல்லவில்லை. தறியில் உட்கார முடியாத அளவுக்கு அவருக்கு இப்போது கண் மங்கிவிட்டது. அவர் எழுந்த அன்றே மகனும் எழுந்துவிட்டார். வேறு எவரும் அவரைப் பக்கத்தில் உட்கார அழைக்கவில்லை.

ஊரின் தயாளத்தைக் குறைத்துச் சொல்ல நாம் விரும்பவில்லை. ஆனால் தயாளம் ஆட்களோடு இருப்பது. தேநீர்க் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போகலாம். குருக்கள் மாறலாம். இந்த மகனைத் தொட்டிலில் கண்ட தலைமுறை கண்மூடிய பின், வருகிற தலைமுறைக்கு இவர் தெருவில் நிற்கும் ஒரு முதிய மனிதர். தென்னேரி மக்களுக்கு இதை நாம் விளக்கவேண்டியதில்லை. திரையன் ஏரி என்பதே தென்னேரி என்று மருவிற்று என்பார்கள். அத்தனை தலைமுறையாக ஒரு ஏரி நிற்கிறதென்றால், கரையோரத்தில் குடியிருந்தவர்களின் நல்ல மனத்தால் மட்டும் அது நிற்கவில்லை. கரைக்கு மண் போடவும் மதகைத் திறக்கவும் மூடவும் இன்னார் பொறுப்பு என்று ஊர் வகுத்து வைத்திருந்ததால் நின்றது. இதே ஜில்லாவில் உத்தரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், கல்லில் வெட்டிவைத்த சபை விதிகளில் ஏரி வாரியம் என்று தனியாக ஒன்று பேசப்படுகிறது. ஏரிக்கு வாரியம் வைத்த ஊரார் நாம். தாய் தகப்பன் போன பின் தனியே நிற்கப்போகிற மனிதருக்கு மட்டும் வாரியம் இல்லை, சாமிதான் உண்டு.

உலகத்தில் வேறு எங்கும் இது தானாகவே நேர்ந்துவிடவில்லை. பெற்றோர்கள் ஒன்றுசேர்ந்து கேட்ட இடத்திலேதான் நேர்ந்திருக்கிறது. பம்பாயில் 1944-ல் வக்கீல் என்னும் குடும்பப் பெயர் கொண்ட ஒரு தம்பதி தங்கள் மகளின் பொருட்டுத் தொடங்கிய பள்ளி, ஜெய் வக்கீல் பள்ளி என்ற பெயரில் வளர்ந்தது. (நமது தொழிலின் பெயர் இவ்வளவு நல்ல காரியத்தில் அடிபடுவது அபூர்வமாகையால் சொல்லிக்கொள்கிறோம்.) இங்கிலாந்தில் 1946-ல் ஜூடி பிரைட் என்ற ஒரு தாய், தம் மகளைப் போன்ற குழந்தைகளைப் பள்ளிக்கூடங்கள் ஏற்க மறுப்பதைப் பற்றித் தாய்மார் படிக்கும் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். மறுமொழி எழுதிய பெற்றோர்களைச் சேர்த்தே அந்நாட்டின் பெரிய சங்கம் உண்டாயிற்று. அமெரிக்காவில் 1950-ல் பெற்றோர் சங்கங்கள் ஒன்றுகூடின. அவற்றில் பென்சில்வேனியா ராஜ்யத்துச் சங்கம் 1971-ல் ராஜ்யத்தின் மீதே வழக்குத் தொடுத்தது. ஐந்து வயதுக் குழந்தைக்குரிய அறிவு முதிராத எந்தப் பிள்ளையையும் பள்ளியில் சேர்க்காமலிருக்கலாம் என்று அங்கே சட்டம் இருந்தது. அது அடுத்த வருஷமே தலைகுப்புற விழுந்தது. ஒரு தாய் தனியாகப் போய்த் தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றபோது கிடைக்காத நியாயம், சங்கத்தின் பெயரால் கோர்ட்டு வாசலில் நின்றபோது கிடைத்தது.

நமது மாகாணமும் இதில் பின்தங்கியதல்ல. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் முன்னின்று நடத்திய கில்ட் ஆப் சர்வீஸ் ஸ்தாபனத்தின் பாலவிஹார், இத்தகைய பிள்ளைகளுக்கென்று ஏற்பட்ட பழைய பள்ளிகளில் ஒன்று. 1970-களில் ஜெயச்சந்திரனும் விமலாவும் சென்னையில் வகுத்த பயிற்சி முறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். உண்பது, உடுப்பது, குளிப்பது, பேசுவது, காசு எண்ணுவது, வீட்டு வேலை செய்வது என்று மனித வாழ்க்கையை 18 துறைகளாகப் பிரித்து, துறைக்கு 20 வீதம் 360 படிகளை அவர்கள் எழுதிவைத்தார்கள். இந்தப் பிள்ளை எத்தனை மார்க்கு வாங்கும் என்று அது கேட்பதில்லை; எந்தப் படியில் நிற்கிறது, அடுத்த படி எது என்று கேட்கிறது. சென்னையின் பெயரைத் தாங்கிய அந்த முறை இந்தியா எங்கும் சிறப்புப் பள்ளிகளில் கையாளப்பட்டது. பட்டின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிற நாம் இதையும் சொல்லிப் பெருமைப்படலாம். தறியில் நாடா எறிய ஒரு வருஷம் கற்றுக்கொடுத்த நமது நெசவாளர், பெயர் தெரியாமலே அந்த முறையைக் கையாண்டவர்தாம்.

1995-ல் நாட்டின் பல பாகங்களிலுள்ள பெற்றோர் சங்கங்கள் சேர்ந்து பரிவார் என்ற சம்மேளனத்தை ஏற்படுத்தின. 1999-ம் வருஷத்துச் சட்டத்துக்காக உழைத்தவர்களில் அவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகத் தெருவில் இறங்கிப் போராடிவரும் சங்கம் ஒன்று, தன் பெயரிலேயே 'பாதுகாப்போர்' என்ற சொல்லையும் சேர்த்து வைத்திருக்கிறது. கவனித்துக்கொள்கிற தாயும் ஒரு கக்ஷிக்காரி என்பதை ஒப்புக்கொண்ட பெயர் அது.

இவ்வளவும் பட்டணங்களிலும் தலைநகரங்களிலும் நடந்தவை. கிராமத்துக்கு வந்து சேர்ந்தது என்ன? மாதாந்தர உதவித்தொகை வந்து சேர்ந்திருக்கிறது. 2023 ஜனவரி முதல் அதை 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாகத் தமிழ்நாட்டு சர்க்கார் உயர்த்தினார்கள்; வரவேற்கிறோம். மறு வருஷம் ஜூலை முதல் பக்கத்திலுள்ள ஆந்திரத்தில் மாற்றுத்திறனாளிகளின் ஓய்வூதியத்தை 6,000 ரூபாயாக ஆக்கினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். மத்திய சர்க்காரின் தேசிய அறக்கட்டளை நிராமயா என்ற பெயரில் ஒரு லட்சம் ரூபாய் வரையில் வைத்தியச் செலவுக்கு இன்ஷூரன்ஸ் வைத்திருக்கிறது. நமது நெசவாளர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய ஸ்தாபனம் 2005 முதல் கடற்கரையோரம் முட்டுக்காட்டில் இருக்கிறது. தென்னேரியிலிருந்து அங்கே போய்வர ஒரு நாள் தொலையும். தறிக்காரருக்கு ஒரு நாள் என்பது ஒரு நாள் கூலி.

"இல்லங்கள் இருக்கின்றனவே, பெற்றோருக்குப் பிறகு அங்கே சேர்த்துவிடலாமே" என்று நமது நண்பர்கள் சிலர் சொல்வதுண்டு. எவருமே இல்லாதவர்களுக்கு அவை வேண்டியவை. நல்ல முறையில் நடத்துபவர்களை நாம் வணங்குகிறோம். ஆனால் 31 வருஷம் ஒரே தெருவில் வாழ்ந்து, தேநீர்க் கடையும் கோயிலும் ஏரிக்கரையும் மட்டுமே உலகம் என்றிருக்கும் மனிதரை, தாய் இறந்த மறு வாரம் முகம் தெரியாதவர்கள் நடுவே கொண்டுபோய் விடுவது, ஒரே சமயத்தில் இரண்டு மரணங்களை அவர் தலையில் சுமத்துவதாகும். வீடு அவருடையது, ஊரும் அவருடையது. அங்கேயே அவர் இருக்க என்ன செய்யவேண்டும் என்பதைத்தான் முதலில் யோசிக்கவேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2025-ம் வருஷம் ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபை, கிராமப் பஞ்சாயத்து முதல் மாநகராட்சி வரையில் ஸ்தல ஸ்தாபனங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன அங்கத்தினர்களாக அமர்த்த வகைசெய்யும் மசோதாக்களை நிறைவேற்றிற்று. தேர்தலில் நிற்கவும் செலவழிக்கவும் இயலாதவர்களுக்கு ஊரின் சபையில் நேராக ஒரு நாற்காலி. இந்தியாவில் பலரும் பின்பற்றத்தக்க காரியம் இது. இதைப் பாராட்டிக்கொண்டே நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். அந்த நாற்காலியில் அமர்கிறவர் பெரும்பாலும் கால் நடக்க இயலாதவராகவோ கண் தெரியாதவராகவோ இருப்பார். அவர் தமக்கு வேண்டியதைத் தாமே பேசுவார், பேசவும் வேண்டும். பேச இயலாதவருக்காக யார் பேசுவது? 2011-ம் வருஷத்து ஜனக்கணிதம் இந்தியாவில் அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் சுமார் 15 லட்சம் பேர் என்று கணக்கிட்டது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய ஒரு லட்சம். ஒரு கிராமத்தில் இத்தகையவர் நாலைந்து பேர் இருப்பார்கள். ஊனமுற்றோர் கூட்டத்திலும் அவர்கள் கடைசி வரிசை. அவர்களுக்கு வாயாக இருப்பது தாய். அந்தத் தாய்க்கோ கூட்டத்துக்கு வர நேரமில்லை, பிள்ளையை விட்டுவிட்டு வர இடமில்லை.

ஆகையால் நாம் தென்னேரியாரிடம் கேட்டுக்கொள்வது இது. வருஷத்தில் ஆறு முறை கூடவேண்டிய கிராம சபையின் அடுத்த கூட்டத்தில், இத்தகையவர்கள் உள்ள வீடுகளின் பெற்றோர் சேர்ந்து வந்து ஒரு தீர்மானத்தைக் கொடுக்கட்டும். ஊரில் உள்ளவர்களின் பெயரும் வயதும், பெற்றோரின் வயதும் எழுதிய ஒரு பதிவு பஞ்சாயத்தில் இருக்கவேண்டும் என்பது அதில் முதலாவது. தாய் தகப்பன் 60-ஐத் தாண்டிய வீடு எது என்று பார்த்தமாத்திரத்தில் தெரியவேண்டும். பஞ்சாயத்தில் மாற்றுத்திறனாளிகளின் ஸ்தானத்தில் யார் அமர்ந்தாலும் அந்த வீடுகளுக்கு மாதம் ஒரு முறை போய்வந்து சபைக்குச் சொல்லவேண்டும். பாதுகாவலர் நியமன மனுவை எழுதவும் கலெக்டர் ஆபீசுக்கு எடுத்துச் செல்லவும் பஞ்சாயத்துக் குமாஸ்தா உதவவேண்டும். நியமனம் பெற்றவர் வருஷக் கணக்கைக் கமிட்டிக்குக் கொடுக்கும்போது, ஒரு பிரதியைப் பெற்றோர் சங்கத்தின் முன்பும் வைக்கும்படி ஊர் கட்டுப்பாடு செய்துகொள்ளலாம். மேலே நாம் கேட்ட மூன்றாமவர் அந்தச் சங்கம்தான். கூட்டுறவு நெசவாளர் சங்கத்தாரும் சேலை வியாபாரிகளும் துணையாளின் கூலியைத் துணையாளின் பேரிலேயே கட்டட்டும். தகப்பனார் தறியை விட்டு எழுந்தபோது மகனும் எழுந்துவிட வேண்டியதில்லை.

"பஞ்சாயத்துக்குப் பணம் ஏது?" என்பார்கள். மேலே சொன்னவற்றில் பணம் கேட்பது எது என்று அவர்களே காட்டட்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலைக்கு மேல் நமக்கு ஒன்றும் தெரியவில்லை. பகல் நேரத்தில் இவர்களை வைத்துப் பயிற்சி கொடுக்கவும் தாய்மாரை நாலு மணி நேரம் விடுவிக்கவும் ஒரு கூடம் வேண்டும் என்று கேட்கும் காலம் வரும்போது சர்க்காரின் பணம் வேண்டியிருக்கும். அப்போது கேட்பதற்கும் இப்போதே ஒரு சங்கம் இருக்கவேண்டும்.

அன்று மாலை உயில் எழுதப்படவில்லை. மருமகப்பிள்ளையையும், மகனின் தாயாரையும், முடியுமானால் தெருவில் நம்பிக்கையான ஒருவரையும் அழைத்துக்கொண்டு மறுபடி வரும்படி சொன்னோம். எழுந்தபோது பெரியவர் தயங்கி நின்று ஒன்று கேட்டார். "ஓட்டர் ஜாபிதாவில் இவன் பேர் இல்லை. சரியில்லாதவனுக்கு எதற்கு என்று யாரோ சொன்னார்கள், நாங்களும் விட்டுவிட்டோம். அது சட்டமா, ஐயா?"

சட்டமல்ல. 1950-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 16-வது பிரிவு, சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று தகுதியுள்ள கோர்ட்டு ஒன்று தீர்மானித்துச் சொன்னவரை மட்டுமே ஜாபிதாவிலிருந்து விலக்குகிறது. அப்படி எந்தக் கோர்ட்டும் இவரைப் பற்றிச் சொன்னதில்லை. தெருவில் யாரோ சொன்னதை நம்பி, 13 வருஷமாக ஒரு பிரஜையின் ஓட்டு போய்விட்டிருக்கிறது. 6-ம் நம்பர் பாரம் ஒன்றை எடுத்து, பெயரும் பிறந்த தேதியும் எழுதிக் கொடுத்தோம். கையெழுத்துக்குரிய இடத்தைக் காட்டியதும் மகன் பத்திரிகைக் கட்டை விட்டுவிட்டு வந்து, பேனாவை வாங்கி, தம் பெயரின் முதல் மூன்று எழுத்துக்களை மெதுவாக எழுதினார். நாலாவது எழுத்துக்கு வெகு நேரம் யோசித்தார். வாலாஜாபாத் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தகப்பனார் பரபரத்தார். இருக்கட்டும் என்று நாம் அவரை உட்காரவைத்தோம்.